புது டயர் இரண்டு வாங்கினால் முன்னாலா, பின்னாலா?

காய்கறிச் சாகுபடி, பூச்சி நோய், சொட்டுநீர் மானியம் என்றுதான் இந்தப் பக்கங்களில் வழக்கமாக எழுதி வருகிறேன். இந்த இதழில் டயர் பற்றி எழுதக் காரணம், வேடசந்தூர் பகுதி வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி.

"என்னிடம் பழைய ஆல்ட்டோ கார் இருக்கிறது. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. இப்போதைக்கு இரண்டு வாங்கத்தான் பணம் இருக்கிறது. முன்னால் மாட்டவா, பின்னால் மாட்டவா? அண்ணன் வீட்டில் மாருதி 800-ல் இருந்து கழற்றிய டயர் இரண்டு சும்மா கிடக்கிறது. அதை மற்ற இரண்டுக்குப் போட்டுக்கொள்ளலாமா?"

வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பகுதியில் கார் என்பது ஊர் சுற்றுவதற்கு வாங்குவதல்ல. விடியற்காலையில் நிலக்கோட்டைக்கு மல்லிகைப் பூ போவதும் அதில்தான், அய்யலூருக்குத் தக்காளிப் பெட்டி போவதும் அதில்தான், அர்த்த ராத்திரியில் பிரசவத்துக்குத் திண்டுக்கல் போவதும் அதில்தான். டயரும் சம்பளக்காரர் வாங்குவதுபோல் நான்காக வாங்கப்படுவதில்லை. தக்காளிக்கு விலை கிடைத்த மாதம் இரண்டு, முருங்கை விற்ற மாதம் ஒன்று என்று வருகிறது. நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியில் மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம். அது முடியாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். புது டயர் இரண்டும் பின்னால். பழையதில் நல்லதாக உள்ள இரண்டு முன்னால். அண்ணன் வீட்டு டயர் வேண்டாம்.

ஏன் பின்னால்?

பஞ்சர் கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். "ஸ்டீரிங் முன்னாலதான இருக்கு, பிரேக் பாரம் முன்னாலதான விழுது, டயர் வெடிச்சா முன்னாலதான ஆபத்து?" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆல்ட்டோ போன்ற கார்களில் இன்ஜின் இழுப்பதும் முன் சக்கரத்தைத்தான். அதனால் முன் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் புதிதைப் போடுவதுதானே முறை என்று நினைப்பது இயல்பு.

ஆனால் மழை பெய்த சாலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டீரிங்கைத் திருப்பியும் வண்டி முழுதாகத் திரும்பாது, நேராகப் போகப் பார்க்கும். அது ஸ்டீரிங் பிடித்த கைக்கே தெரிந்துவிடும். பயத்தில் எவரும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பார்கள். வேகம் குறையும், முன் சக்கரத்துக்குப் பிடிமானம் திரும்பி வரும். பின் டயர் வழுக்கினால் கதை வேறு. கைக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. வண்டியின் பின்பக்கம் வெளியே விலகி, முன்பக்கம் உள்ளே திரும்பி, வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அப்போது ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கமாக, சரியான அளவில், நொடி நேரத்தில் திருப்ப வேண்டும். பந்தய ஓட்டுநர் செய்வார். நாமும் நம் பிள்ளைகளும் செய்ய மாட்டோம். காலை எடுத்தாலும், பிரேக் அடித்தாலும் பின்பக்கம் இன்னும் லேசாகி மேலும் விலகும்.

ஆகவே, பின்பக்கத்தின் பிடிமானம் எந்தக் காலத்திலும் முன்பக்கத்தைவிடக் குறையக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் டயர் கலப்பதில் வரும் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இது முன் சக்கரம் இழுக்கும் காருக்கும் பொருந்தும், பின் சக்கரம் தள்ளும் வண்டிக்கும் பொருந்தும். லாரி, பஸ்ஸுக்கு மட்டும் கணக்கு வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெடிப்பதைப் பற்றிச் சொன்னார்களே? டயர் பெரும்பாலும் வெடிப்பது காற்று குறைவாக ஓடியதால், பாரம் கூடியதால், வயதானதால், பக்கச்சுவரில் அடிபட்டதால். அப்படிப்பட்ட டயர் முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் இருக்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் புழுதியும் எண்ணெயும் படிந்திருக்கும்போது விழுகிற முதல் மழைதான் மோசமானது, சாலை முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். சிறுமலைக்குப் போகும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்குபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக் போட்டாலே பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். அங்கே பின் டயர் மொட்டையாக இருந்தால் எப்படி?

அடுத்த வெள்ளாமையில் மீண்டும் இரண்டு வாங்கும்போது, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவந்து, புதிதைப் பின்னால் போடுங்கள். பயிர் சுழற்சி மாதிரித்தான். எந்த டயரும் வயதாகும்வரை ஒரே மூலையில் கிடக்காது.

தேய்மானத்துக்குச் சட்டம் சொல்லும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், சரக்கு வண்டிகளுக்கு டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக, பட்டன்களுக்கு நடுவில் ஓடும் பள்ளத்தில் சிறிய ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னைக் கேட்டால், மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றுவது நல்லது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். பள்ளம் குறைந்தால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும்.

வாசகர் நான்கும் தேய்ந்துவிட்டன என்கிறார். பழையதில் இரண்டாவது அந்த மேட்டுக்கு மேலே இருந்தால் முன்னால் போட்டு ஓட்டலாம். நான்கும் மேட்டைத் தொட்டுவிட்டன என்றால், மீதி இரண்டும் வாங்கும்வரை கார் கொட்டகையிலேயே நிற்கட்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ரேடியலும் நைலானும்

இன்றைய கார்களில் வருவதெல்லாம் ரேடியல் டயர். ஆனால் நம் ஊர்ப் பக்கம் இன்னும் பழைய ஜீப்புகளும், தாத்தா காலத்து அம்பாசிடர்களும் தோட்டத்து வேலைக்கு ஓடுகின்றன. அவற்றில் நாம் நைலான் டயர் என்று சொல்லும் பழைய வகை இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வெளியில் தெரியாது, உள்ளே இருக்கிறது.

நைலான் டயரின் உள்ளே நூல் அடுக்குகள் கயிற்றுக் கட்டில் பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலை விளக்க நம் மாட்டு வண்டிச் சக்கரமே போதும். குடத்தில் இருந்து ஆரக்கால்கள் நேராக வெளியே போகின்றன, அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிக்கிறது. ரேடியல் டயரிலும் நூல்கள் ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு நேராக, ஆரம் போல ஓடுகின்றன. அவற்றின் மேல், பட்டனுக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். பிரான்ஸ் நாட்டின் மிஷலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

இதனால் வளைவில் திரும்பும்போது ரேடியலின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், தரையைத் தொடும் பகுதி தட்டையாக அப்பிப் பிடித்துக்கொள்ளும். நைலான் டயர் முழுதாகவே முறுக்கிக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகப் பக்கவாட்டில் நழுவும். தனித்தனியாக இரண்டும் நல்ல டயர்தான். கலந்தால்தான் சிக்கல்.

ஒரே அச்சில் இடப்பக்கம் ரேடியல், வலப்பக்கம் நைலான் என்பது கூடவே கூடாது. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்னால் ரேடியல் ஜோடி, பின்னால் நைலான் ஜோடி என்பது அதைவிட ஆபத்து, ஏனென்றால் முன்பக்கம் சாலையைக் கவ்வும், பின்பக்கம் நழுவும். மேலே சொன்ன அதே சுழற்சிதான், இப்போது காய்ந்த சாலையிலேயே நடக்கும். பிரிட்டனில் 1986-ம் ஆண்டின் வாகன விதிகள் இந்த இரண்டு கலப்பையும் தடை செய்கின்றன. நான்கும் ஒரே வகையாக இருப்பதுதான் முறை. வேறு வழியே இல்லாமல் சில நாள் ஓட்ட வேண்டும் என்றால் நைலான் ஜோடி முன்னால், ரேடியல் ஜோடி பின்னால்.

ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. நான்கும் ரேடியல் போட்டுவிட்டு ஸ்டெப்னியில் பழைய நைலான் டயரை வைத்திருப்பார்கள். வழியில் பஞ்சர் ஆகி அதை மாட்டினால் நீங்களும் கலப்பு டயர் வண்டியில்தான் போகிறீர்கள். மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை போகலாம், அவ்வளவுதான்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இனி அண்ணன் வீட்டு டயர். விதைப் பை வாங்கினால் ரகம், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் பாருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். டயரிலும் எல்லாம் எழுதியிருக்கிறது.

ஆல்ட்டோ டயரில் 145/80 ஆர் 12 என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நைலான் டயரில் 'ஆர்' எழுத்துக்குப் பதில் சிறு கோடு இருக்கும். அம்பாசிடரின் 5.90-15, டிராக்டர் முன் சக்கரத்தின் 6.00-16 இரண்டும் அப்படித்தான்.

மாருதி 800 டயரில் இருப்பது 145/70 ஆர் 12. அகலம் ஒன்று, ரிம் ஒன்று. ஆல்ட்டோ ரிம்மில் சிக்கென்று உட்காரும். அதனால்தான் ஏமாறுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

145-ல் 80 சதவீதம் 116. மேலும் கீழும் சேர்த்து 232. ரிம் 12 அங்குலம், அதாவது 305 மில்லிமீட்டர். ஆக ஆல்ட்டோ டயரின் மொத்த உயரம் 537 மில்லிமீட்டர். மாருதி 800 டயரை இதே மாதிரிப் போட்டால் 508. கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் குட்டை. ஒரு கிலோமீட்டர் போக ஆல்ட்டோ சக்கரம் 593 சுற்று சுற்றும். 800-ன் டயர் 627 சுற்று சுற்ற வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் மாட்டினால் கிலோமீட்டருக்கு 34 சுற்று வித்தியாசம். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போவதற்குள் சுமார் 1,000 சுற்று வந்துவிடும். முன் அச்சில் இப்படி மாட்டினால், அவ்வளவு வித்தியாசத்தையும் நேர்ச்சாலையில் ஓயாமல் தாங்குவது டிஃபரென்ஷியல் பல்சக்கரம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்டீரிங் இழுக்கும்.

"ஒரே அச்சில் போட மாட்டேன், இரண்டையும் முன்னால் போட்டுக்கொள்கிறேன்" என்றாலும் சரிப்படாது. அளவுக்கு அடுத்து ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் பாரக் குறியீடு. 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். 69 என்றால் 325 கிலோதான். எழுத்து, டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும். உங்கள் காரின் ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளிலோ, கையேட்டிலோ உள்ள எண்ணுக்குக் குறைவான பாரக் குறியீடு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கூடவே வயது. டயரின் பக்கவாட்டில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மாருதி 800 உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. அந்த டயர் எந்த ஆண்டு செய்தது என்று பார்த்தால் அண்ணனுக்கே ஆச்சரியமாக இருக்கலாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதிரும். நம் வெயிலில், கூரை ஓரத்தில், உர மூட்டைக்கும் டீசல் கேனுக்கும் பக்கத்தில் கிடந்தது என்றால் கேட்கவே வேண்டாம். 5 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பட்டன் இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பக்கச்சுவரில் விரிசல் வலைபோல் தெரிந்தால் அந்த வயதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

சரக்கு வண்டியில் கார் டயர்

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் கலப்பு. டாடா ஏஸ் போன்ற குட்டி யானைகளுக்கு வரும் டயர் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். இங்கேயும் 145, இங்கேயும் 12. ஆகவே அவசரத்துக்குக் கார் டயர் ஒன்றை மாட்டிவிடலாம் என்று தோன்றும். எல்.டி. என்பது இலகு சரக்கு வண்டிக்கான டயர் என்பதன் குறி. 8 பி.ஆர். என்பது அதன் உறுதியின் அளவு. அதில் 86/84 என்று இருந்தால், ஒற்றைச் சக்கரமாக மாட்டும்போது ஒரு டயர் 530 கிலோ தாங்கும்.

2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் வண்டியின் மொத்த எடை, சரக்கோடு சேர்த்து, 1,550 கிலோ. 375 கிலோ தாங்கும் கார் டயர் நான்கையும் மாட்டினால் மொத்தம் 1,500. ஏட்டுக் கணக்கிலேயே இடிக்கிறது. சரக்கு ஏறியதும் பாதிக்கு மேல் பாரம் பின் அச்சில்தான் உட்காரும். 14 கிலோ தக்காளிப் பெட்டி 50 ஏற்றினால் 700 கிலோ. நம் ஆட்கள் 50 பெட்டியோடு நிறுத்துகிறார்களா என்பதை நான் கேட்கவில்லை. வைகாசி வெயிலில் நால்வழிச் சாலையில் அந்தப் பாரத்தோடு ஓடும்போது கார் டயரின் பக்கச்சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். வெடிப்பது பின் சக்கரமாக இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

ரீட்ரேட் செய்த டயர் பற்றியும் கேட்பதுண்டு. நல்ல கூடு, நல்ல பட்டறை என்றால் சரக்கு வண்டியின் பின் அச்சுக்கு ஜோடியாகப் போடலாம். முன்னால் வேண்டாம். குடும்பம் போகிற காருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒன்று மட்டும் கெட்டால்?

சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்தே நம் பகுதியில் டயர் வாங்க வேண்டியிருக்கிறது. முள் குத்தியது பட்டன் பகுதியில் என்றால், ட்யூப்லெஸ் டயரில் உள்ளிருந்து காளான் வடிவப் பட்டி போட்டு ஓட்டலாம். பக்கச்சுவரில் குத்தினாலோ கிழிந்தாலோ ஒட்டுப் போடக் கூடாது, அந்த டயர் போய்விட்டது. முள்ளின் முனை உள்ளே முறிந்து நிற்கும், ஒட்டுவதற்கு முன் விரலால் தடவாமல் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றுதான் போனது என்றால் இரண்டு வாங்க வேண்டும் என்று பதற வேண்டாம். ஸ்டெப்னியில் அதே அளவு, அதே கம்பெனி, அதே பட்டன் அமைப்பில், அதிகம் ஓடாத டயர் இருக்கிறதா பாருங்கள். வயதும் சரியாக இருந்தால் அதையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் ஜோடியாகப் பின்னால் போடுங்கள். மிஞ்சும் பழைய டயர்களில் நல்லது ஸ்டெப்னிக்குப் போகட்டும்.

மாட்டும்போது பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கி ஓடும் திசையைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டுக்கும் ஆகும் செலவைச் சேமிக்க நினைத்தால் அது புது டயரின் தோள்பட்டையில் தேய்மானமாக வெளியே வரும். மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். காற்று அளவை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் குளிர்ந்ததும் குறைந்துபோகும்.

இதே பொருளில் வந்த இன்னும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் முன் டயரை மட்டும் கொஞ்சம் பெரிய அளவில் போடலாமா என்று நத்தம் பக்கத்து வாசகர் கேட்கிறார். கூடாது. அந்த டிராக்டர்களில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்றே முந்தி ஓடும்படி பல்சக்கர விகிதம் அமைத்திருக்கிறார்கள், சில சதவீதம்தான். முன் டயரின் உயரம் மாறினால் அந்த விகிதம் கெட்டு, முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கையேட்டில் உள்ள ஜோடி அளவைத் தவிர வேறு வேண்டாம். தார்ச் சாலையில் ஓட்டும்போது நான்கு சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள், டயரும் மிஞ்சும்.

மாட்டு டயர் வண்டிக்குக் கழித்துப் போட்ட டயரைப் போடலாமா என்பது செம்பட்டி வாசகரின் கேள்வி. தாராளமாகப் போடலாம். மாடு போகும் வேகத்துக்கு ரேடியலா நைலானா என்ற கவலை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரமாக மட்டும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு மாட்டின் கழுத்தில் புண் வரும்.